தணிகாசலம் பெயரில் ஒரு கஞ்சித் தொட்டி

ஐம்பத்திரண்டாம் வருஷப் பஞ்சத்தில், பிச்சாட்டூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தணிகாசலம் கஞ்சித் தொட்டி திறந்தார். வேர்க்கடலை நிலம் நிறைய வைத்திருந்தவர். கஞ்சி காய்ச்ச அவர் கூப்பிட்டது சேரியிலிருந்த சுந்தரம்மாவை. அவள் புருஷன் வீராசாமி அவரிடம் ஏர் ஓட்டியவன்.

"அவ கை பட்டத எவன் குடிப்பான்?" என்று பங்காளிகள் கத்தினார்கள். தணிகாசலம் முதல் குவளையை வாங்கி, எல்லோர் எதிரிலும் நின்று குடித்தார். ஊர்க்காரர்களும் சேரிக்காரர்களும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்றார். அதனால் அவருடைய தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டான். மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் கலைந்தது. அவர் அசையவில்லை. பஞ்சம் தீர்ந்த பிறகும், வேலை இல்லாத கோடை மாதங்களில் அடுப்பு எரிந்தது.

"சாமின்னு கூப்பிடாதே, அண்ணான்னு கூப்பிடு" என்று சுந்தரம்மாவிடம் சொல்லியிருந்தார். திருப்பதியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த மகன் ஆதிநாராயணனும் அவளை அத்தை என்றே அழைத்தான்.

ஐம்பத்தொன்பது கார்த்திகையில், திருப்பதி ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு அவர் செத்துப்போனார். தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

அடுத்த சித்திரைக்குள் ஆந்திராவுக்கும் மதராசுக்கும் எல்லை முடிவாகிவிட்டது. திருத்தணி மதராசோடு போனது. இவர்கள் கிராமம் ஆந்திராவிலேயே நின்றது. வருஷா வருஷம் திருத்தணியிலிருந்து தொட்டிக்குக் கேழ்வரகு அனுப்பிய, தணிகாசலத்தின் சிநேகிதர் கன்னையாவின் வண்டியை எல்லையில் நிறுத்திப் பர்மிட் கேட்டார்கள். இரண்டு தடவை வண்டி திரும்பிப் போனது. மூன்றாவது தடவை அவர் அனுப்பவில்லை.

ஆதிநாராயணன் புத்தூருக்குப் போய், ரைஸ்மில் வைத்திருந்த வரதராஜனைப் பார்த்துவிட்டு வந்தான். சுந்தரம்மா தொட்டிக் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அரிசி வருது. வருஷம் பூரா குடுக்கறேன்னுட்டாரு. நைனா பேருலயே நடக்கும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்ப அடுப்பு பத்த வெக்கட்டும்?"

அவன் தரையைப் பார்த்தான். "சமைக்க புத்தூர்லேர்ந்து ஆள் வராங்க. நீ பாத்திரம் கழுவு, சுந்தரம்மா. கூலி குடுத்துடறேன்."

எட்டு வருஷமாக அத்தை என்றவன் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

"எங்க ஜனம் எங்க உக்காரும்?"

"பின்னால, தனியா. சோறு ஒண்ணுதானே? வரதராஜன் அப்படின்னாத்தான் குடுப்பேங்கறாரு. நான் இன்னா செய்ய? மூடிட்டா நைனா பேரே போயிடும்."

"பேர மட்டும் வெச்சிக்கினு உங்க நைனாவ வெளிய தள்ளிட்டியே, ஆதி."

அவன் போய்விட்டான்.

திறப்பு விழாவில் தெலுங்கிலும் தமிழிலும் பேசினார்கள். சாதி பார்க்காத உத்தமர் என்று படத்துக்கு மாலை போட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் சேரிக்கு வேறு பந்தி போட்டிருந்தது. சுந்தரம்மா போகவில்லை. சேரி வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டி, வீட்டிலிருந்த கேழ்வரகைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். "அங்க போய் உக்காராதீங்க" என்று வீடு வீடாகச் சொன்னாள். முதல் நாள் நாற்பது பேர் வந்தார்கள். கேழ்வரகு குறையக் குறையக் கஞ்சி நீர்த்தது. ஆளும் குறைந்தது. அங்கே அரிசிச் சோறு, சாம்பார்.

ஒரு மத்தியானம் வீராசாமி வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டான். கையில் சாம்பார் வாசனை.

"போனியா?"

"கோச்சிக்காத. ஏர் ஓட்டிட்டு வந்தா வயிறு தாங்கல. உன் கஞ்சியில தண்ணிதான் கீது."

தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "அண்ணன் படம் வெச்சிருக்காங்களாமே, பாத்தியா?"

"நாங்க உக்கார எடத்துலேர்ந்து செவுருதான் தெரியுது."

அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

இருபத்து மூன்றாம் நாள் போட ஒன்றுமில்லை. மரத்தடிக் கஞ்சியை நம்பி மிஞ்சியிருந்தவர்கள் இரண்டே பேர்: கண் தெரியாத நாகையா, எழுந்து நடக்க முடியாத கங்கம்மா. மறுநாள் சுந்தரம்மா தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொட்டகையின் பின்வாசலில் போய் நின்றாள்.

ஆதிநாராயணன் பார்த்துவிட்டான். "ரெண்டு பேருக்குத்தானே? தினமும் வந்து வாங்கிக்கோ" என்று தாராளமாகச் சொன்னான். பிறகு யாரோ கூப்பிட்டதுபோல உள்ளே போய்விட்டான்.

அவள் எட்டு வருஷம் நின்ற அடுப்பிலிருந்து சமையல்காரன் கரண்டியோடு வந்தான். பாத்திரத்தில் கரண்டி படாமல் உயரத் தூக்கி ஊற்றினான். சாம்பார் அவள் மணிக்கட்டில் தெறித்துச் சுட்டது. "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா" என்று கேட்டாள். ஊற்றினான். மூடியை அழுத்திப் போட்டுக்கொண்டு வெயிலில் வேகமாக நடந்தாள். கங்கம்மா நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.