கிள்ளிய கொழுந்து

கொய்யா மரங்கள் நுனி சுருண்டு நின்றதைக் கண்ட மீனாம்பாள், நேரே கொழுந்தன் சம்பத் வீட்டு வாசலுக்குப் போய் ஒரு கை மண்ணை வாரித் தூற்றினாள். ஊரே பார்த்தது.

"உன் புருஷன் நெல்லுக்கு அடிச்ச களை மருந்துதான்டி என் மரத்துல ஏறிச்சு! நாசமாப் போங்க!"

ஓரகத்தி அமிர்தவள்ளி லேசுப்பட்டவளா? "தோல் பதனிடற ஷாப்பு கழிவுத் தண்ணிய நீ மரத்துக்கு உட்டுட்டு எங்க மேல பழி போட்றியா?" என்று கதவை அறைந்து சாத்தினாள்.

அறுவடை முடிந்ததும் பஞ்சாயத்து என்றார்கள். அதற்குமுன் ஆம்பூரிலிருந்து விவசாய ஆபீசர் இன்பசேகரன் மரங்களைப் பார்க்க வந்தார். சம்பத்தும் அவன் பெண்டாட்டியும் சபையில் தன் காலில் விழவேண்டும், மீனாம்பாளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"தோல் ஷாப்பு உப்புத் தண்ணின்னா இலை ஓரம் கருகும். இது களை மருந்துதாம்மா. இலை வழியா உள்ள போயி, சாறோட நுனிக்கு ஓடும். அதான் கொழுந்து முறுக்கிக்குது."

மீனாம்பாளுக்கு வயிறு குளிர்ந்தது.

"ஆனா காத்துல வந்திருந்தா கழனி வேலிப் பக்கம்தான் ஜாஸ்தி சுருளும். இங்க அந்தாண்ட கிணத்துப் பக்கமும் அதே மாதிரி இருக்குதே. மரத்துக்கு நீங்க ஏதாச்சும் அடிச்சீங்களா?"

 மாவுப்பூச்சிக்கு மீனாம்பாள்தான் மருந்தடித்திருந்தாள். ஊருக்கே காசி வீட்டு ஸ்ப்ரேயர் ஒன்றுதான். சம்பத் கழனியில் களை மருந்து அடித்து முடித்ததும் கைமாறி வந்த அதை ஒரு குடம் தண்ணீரில் அலசியதோடு சரி.

"நான் ஒண்ணும் அடிக்கல" என்றாள்.

"கம்மியாத்தான் ஏறியிருக்கு. மரமே அதை உள்ளுக்குள்ள சிதைச்சிடும், புதுக் கொழுந்து நேரா வரும். பஞ்சாயத்து அன்னிக்கு வந்து பாக்கறேன். தேறியிருந்தா சமாதானமாப் போய்டுங்க."

அவர் சொன்னபடியே, பஞ்சாயத்து அன்று காலை கிளையெல்லாம் பளபளவென்று கொழுந்து விட்டிருந்தது. வேறு யாராவது என்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். மீனாம்பாளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மரம் தேறிவிட்டால் தூற்றிய மண்ணுக்கு ஊர் சிரிக்கும். கைக்கு எட்டிய கொழுந்தையெல்லாம் வெறியோடு கிள்ளி மடியில் கட்டினாள்.

"நல்லா வர்ற கொழுந்தை இன்னாத்துக்குக் கிள்ற?"

வேலிக்கு அப்பால் அமிர்தவள்ளி நின்றிருந்தாள்.

"என் மரம்டி. கிள்ளுவேன், வெட்டுவேன். உனக்கு இன்னா?"

அமிர்தவள்ளி மீனாம்பாளின் மடியையே பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள்.