எந்தப் பேருந்தில் ஏறுவாள் ஷெரின்?

1

காமயகவுண்டன்பட்டி நிறுத்தத்தில் ஒரு சிறுமி, வந்த பேருந்தில் ஏற மறுத்தாள். அதே நிறத்தில், அதே ஊருக்குப் போகும் அடுத்த பேருந்தில் சிரித்துக்கொண்டே ஏறினாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அதனால்தான் இந்தக் கதை. இனி வருவதெல்லாம் கற்பனை.

சிறுமிக்கு ஷெரின் என்று பெயர் வைக்கிறேன். ஏழு வயது, ஆட்டிசம் உண்டு, பேச்சு குறைவு. அம்மா ஜெசிந்தா. இருவரும் கம்பத்தில் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். தொடங்குகிறேன்:

வானம் மூடிக் கிடந்தது, ஜெசிந்தாவின் மனத்தைப் போலவே அதுவும்...

(வேண்டாம். மனம் ஒன்றும் மூடவில்லை. அவளுக்கு எரிச்சல், அவ்வளவுதான்.)

2

ஷெரின் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். பேருந்து போய்விட்டது.

"ரெண்டு போட்டா ஏறிரும்டி," என்றாள் பக்கத்து வீட்டு எஸ்தர்.

"ஒனக்கு ரெண்டு போட்டா நீ ஏறுவியாக்கா?"

"நான் எதுக்குடி ஏறணும்? மருந்துக் கடைக்குல்ல வந்தேன்."

"வெளாடாதக்கா. அடுத்த வாரமும் வகுப்புக்கு நேரத்துக்கு வரலைன்னா இவ எடத்தை வேற பிள்ளைக்குக் குடுத்துருவோம்னு சொல்லிட்டாக."

பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்துகளின் முகப்பு ரோஸ் நிறம். அந்த நிறம்தான் மகளுக்குப் பிடிக்கவில்லை என்று ஜெசிந்தா முடிவுகட்டி, எஸ்தரிடமும் சொல்லியிருந்தாள். அடுத்து வந்ததும் ரோஸ்தான். ஷெரின் ஓடிப்போய் முதல் ஆளாக ஏறினாள்.

"நல்லாக் கண்டுபிடிச்ச போ!" என்று சிரித்தாள் எஸ்தர்.

3

பெற்ற தாய்க்குக் காரணம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். சட்டைக் காலரில் உள்ள துணிச்சீட்டை வெட்ட வேண்டும், இட்லியைச் சட்னி தொடக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனால் பேருந்து ஒரே பொருள் இல்லை. வாசனை, நெரிசல், இன்ஜின், படி எல்லாம் சேர்ந்தது. எது தொந்தரவு என்று அறிய ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு எந்த டிரைவர் காத்திருப்பார்?

விடை அடுப்படியில் கிடைத்தது. ஜெசிந்தா மிக்ஸியைப் போட்டால் ஷெரின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திராட்சைப் பந்தலுக்கு ஓடிவிடுவாள். ஒருநாள் ஷெரினே மிக்ஸியின் குமிழைத் திருப்பினாள், ஓடாமல் நின்று சிரித்தாள். அதே மிக்ஸி, அதே இரைச்சல். ஆக, சத்தத்தின் அளவு அல்ல, அது சொல்லாமல் வருவதுதான் சிக்கல். தானே எழுப்பும் சத்தத்துக்கு உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடுகிறது.

இப்போது பேருந்துகளைப் பாருங்கள். ஒரு கண்டக்டர் வண்டியை நிறுத்தவும் எடுக்கவும் பேருந்தின் பக்கத் தகரத்தைத் தட்டுவார். ஓங்கும் கை முதலிலேயே தெரிந்துவிடும். கர்ணன் என்கிற கண்டக்டர் நிறுத்தம் வரும்போதே விசில் ஊதுவார், கூட்டத்துக்குள் எங்கிருந்தோ. ஷெரின் ஏற மறுத்தது அவர் பேருந்தில்தான்; வகுப்பு நேரத்துக்குச் சரியாகப் போவதும் அதுதான்.

4

"அண்ணே, நீங்க ஊதாம இருந்தா எம்மக ஏறிருவா."

"ஊதலைன்னா டிரைவர் வண்டிய எடுக்க மாட்டாரே, ஆத்தா."

"அவளே ஊதட்டும்."

"அப்போ சம்பளம் யாருக்கு?" என்றார் கர்ணன். ஆனாலும் சம்மதித்தார்.

ஜெசிந்தா புது விசில் வாங்கினாள். முதல் நாளே ஷெரின் நடுவழியில் ஒற்றை விசில் கொடுத்தாள். பேருந்து நின்றது.

"யாருப்பா எறங்குறது?" டிரைவர் கத்தினார்.

யாரும் இறங்கவில்லை. ஷெரின் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ரெட்டை விசில் கொடுத்து அவளே வண்டியைக் கிளப்பினாள்.

(ஷெரின் சட்டென்று பேசத் தொடங்குவதாக ஒரு முடிவு எழுதி, அடித்துவிட்டேன். பயணிகள் கண்கலங்குவதாக இன்னொன்று. கம்பம் பேருந்தில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?)

அவள் வளர்ந்து என்ன ஆவாள் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஷெரின் நிற்கும் நிறுத்தத்துக்கு வரும்போது கர்ணன் ஊதுவதில்லை. அவள் ஏறிய பிறகு, கம்பம் வரைக்கும், அவர் கையைத் தூக்கினால் அவள் ஊதுவாள். ஊதியதும் விசில் ஜெசிந்தாவின் பைக்குள் போய்விடும். வாராவாரம் வகுப்புக்குப் போகிறார்கள்.