ரெமிஜியஸின் நான்காம் தந்தி

1996 மே மாதம், மகளின் கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கையில், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் ரெமிஜியஸ் தம்முடைய உகுலேலேயின் நான்காம் தந்தியைச் சுருதிக்கு முறுக்கினார்; முறுக்கிய கையோடு நாற்காலியை விட்டு மூன்றடி மேலே போய் நின்றார். அவர் மனைவி ஸ்டெல்லா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இருங்க, ஃபேன ஆஃப் பண்றேன்" என்றாள்.

ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பக்கத்து வீட்டுக்காரர் 1991இல் கொடுத்துவிட்டுப் போன வாத்தியம் அது. இருபது வருஷம் கல்யாண பேண்டில் கித்தார் வாசித்த ரெமிஜியஸ் அதைக் குட்டிக் கித்தார் என்றே நினைத்துவிட்டார். பழகிய கை சும்மா இருக்குமா? மேலே வரும் தந்தி தடித்துத்தான் இருக்க வேண்டும் என்று சிவாஜிநகரில் ஒரு தடித்த தந்தி வாங்கிக் கட்டினார். ஐந்து வருஷமும் அது தொண்டை கட்டியவன் மாதிரி உறுமியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் மரம் சரியில்லை என்றார். உகுலேலேயின் நான்காம் தந்தி மெல்லிசாக, உச்சக் குரலில் இருக்க வேண்டும் என்பது, புதுத் தந்திப் பொட்டலத்தின் அட்டையை மகள் விஜி படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பழையதை ஒவ்வொன்றாகக் கழற்றினார். புதியதை வாத்தியத்தின் வயிற்றில் ஒட்டிய பிரிட்ஜ் கட்டையில் முடிந்து, கழுத்து முனைப் பள்ளத்தில் கிடத்தி, தலையிலுள்ள முறுக்குக் கீயில் மூன்று சுற்றுச் சுற்றினார். மிதந்தார்.

புது நைலான் தந்தி இழுபடும். சுருதி இறங்க இறங்க ரெமிஜியஸும் இறங்கினார். காலையில் மூன்றடி, மதியச் சாப்பாட்டுக்கு ஓரடி, சாயங்கால டீக்குத் தரை. ஒன்பதாம் நாள் தந்தி படிந்துவிட்டது. அதன் பிறகு சுருதி சேர்ந்தால் மேலே, கீயைத் தளர்த்தினால் கீழே. நடுவில் ஒன்றும் இல்லை.

இதில்தான் மனுஷன் உடைந்துபோனார். விஜி பிறந்த நாளிலிருந்து, அவளைக் கோயிலுக்குள் அழைத்துக்கொண்டு பலிபீடம்வரை நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்போது உகுலேலே வாசிப்பதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். பங்குச் சாமியார் யோசித்துவிட்டு, "சிலுவைக்கு மேல போகாம பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் ரெமிஜியஸ் நான்காம் கீயைத் தளர்த்தித் தரையில் நின்றார். ஒரு தடவை மீட்டிப் பார்த்தார், கேட்கச் சகிக்கவில்லை.

"பரவால்லம்மா, கூட நடந்தா போதும்" என்றபோது அவர் கண் கலங்கியது.

"வாணாம் டாடி. வாசிங்க. நான் புடிச்சுக்கறேன்" என்று விஜியே கீயை முறுக்கினாள்.

பூச்செண்டு ஒரு கையில், அப்பாவின் இடது ஷூ இன்னொரு கையில். அவள் நடந்தாள், அவள் தோளுக்கு மேலே அவர் ஒரு சுரம் பிசகாமல் வாசித்துக்கொண்டே வந்தார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றார்கள். கேமராக்காரர் நாலு எட்டு பின்னால் போனார்.

பலிபீடத்தருகே அப்பா மகளை ஒப்படைக்கும் இடம் வந்தது. விஜி ஷூவை அம்மா கையில் ஒப்படைத்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் போய் நின்றாள். ஸ்டெல்லா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பூசை முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.