சம்பந்திக்குப் பிரேக் பிடிக்கவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. காருக்கு அடியில் படுத்திருந்த என் கணவர், "அமுக்கிட்டுத்தானே இருக்கே?" என்று கேட்டார். "ம், அமுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அப்போது என் கால் பிரேக் பெடலில் இல்லை.

அது இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. இன்றும் ஞாயிறுதான். மாலை நான்கு மணிக்குப் பல் டாக்டர் ஒருவர் வந்து காரை விலைக்கு எடுத்துக்கொண்டு போகப்போகிறார். இப்போது மணி ஒன்றே கால். அதற்குள் கதையை முடித்துவிடலாம் என்று சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் காலையிலிருந்து மல்லுக்கட்டு.

"ஐம்பத்தெட்டு வயதான அந்தக் கார், மழைக்கு ஒதுங்கிய ஒரு கிழவரைப் போல—" [வேண்டாம். காரை மனிதராக்கும் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை.]

"என் தம்பிக்குப் பழைய கார் என்றால் உயிர்." [எனக்குத் தம்பி கிடையாது. கணவரைத் தம்பியாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று பார்த்தேன். இரண்டு பக்கம் நன்றாகவே ஓடியது. தம்பியின் காரை ஓர் அக்கா எதற்காகக் கெடுக்க வேண்டும் என்ற இடத்தில் நின்றுவிட்டது. மனைவிக்குக் காரணம் இருக்கிறது.]

"அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர்." இந்த வாக்கியம் இருக்கட்டும்.

இருபத்தெட்டு வருடமாக அதுதான் அவர் வேலை. பன்னிரண்டாம் மாடியில் ஒரு பெட்டிக்குள் ஆட்கள் பேச்சும் சிரிப்புமாக நிற்கிறார்கள் என்றால், அதன் பிரேக்கை யாரோ ஒருவர் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் காரைப் பூட்டுவார். எட்டு வருடத்துக்கு முன்னால் வெறும் கூடாக வந்த கார். நாங்கள் அதற்கு வைத்த பெயர் சம்பந்தி. எப்போது எதற்கு முகம் கோணும் என்று தெரியாது, செய்கிற மரியாதையில் குறை வைக்கவும் முடியாது. "சம்பந்திக்கு இன்னைக்கு மனசு சரியில்ல" என்று அவர் சொன்னால் எஞ்சின் கிளம்பவில்லை என்று புரிந்துகொள்வேன்.

சம்பந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்தார். பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்தார். சீட் பெல்ட் பூட்டினார். கடைசியாக முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டினார். இந்த மூன்றாவது காரியத்தில்தான் கதை இருக்கிறது.

3

டிஸ்க் மாட்டுவதற்காகக் குழாய்களைக் கழற்றியதில் உள்ளே காற்று புகுந்துவிட்டது. பிரேக் குழாயில் காற்று இருந்தால் பெடல் மெத்தை மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு சின்னத் திருகைக் கால் சுற்று திறப்பார். ஆயிலும் காற்றும் ரப்பர் குழாய் வழியாக ஒரு பாட்டிலுக்குள் வரும், பெடல் தரைவரை போகும். திருகை மூடிவிட்டு அவர் "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்க வேண்டும். அதற்கு அரை நொடி முன்னால் எடுத்தாலும் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும்.*

*குழாயின் முனை ஆயிலில் முங்கியிருந்தாலும் திருகின் மரை வழியாகக் காற்று புகும். அவரிடமிருந்தது கறுப்பு ரப்பர் குழாய். உள்ளே தெரிகிற குழாய் ஒன்று வாங்கியிருந்தால் ஆயில் பின்னால் ஓடுவதைப் பார்த்திருப்பார், இந்தக் கதை முதல் ஞாயிறே முடிந்திருக்கும்.

"அமுக்கு." "ஆச்சு." "விடு." நான்கு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் இருபது தடவை. பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் நாங்கள் இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டதில்லை.

முதல் ஞாயிறு என் மேல் குற்றமில்லை. என் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பெண் ஒரு கதவுக்கு வெளியே ஒரு மாதமாக நின்றுகொண்டிருந்தாள். அவளை எப்படி உள்ளே அனுப்புவது என்ற யோசனையோடு பெடலை மிதித்தேன். தரை தட்டியதும் காலை எடுத்தேன். அதற்கு மேல் அமுக்க ஒன்றுமில்லையே. அவர் பாட்டிலைப் பார்த்து, குமிழி நிற்கவே இல்லை என்றார்.

இரண்டாம் ஞாயிறும் அப்படியே. அன்று நான் ஒரு யோசனை சொன்னேன். இதை ஒரே ஆள் செய்கிற மாதிரி ஒரு சாமான் விற்கிறார்களாமே என்றேன்.

"அதெல்லாம் ஆள் இல்லாதவனுக்கு. எனக்குத்தான் நீ இருக்கியே" என்றார்.

[இந்த வசனத்தை மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அவரை ரொம்ப நல்லவராகக் காட்டுகிறது, வாசகருக்குச் சந்தேகம் வரும். ஆனால் அவர் சொன்னது இதுதான்.]

அதே நாள் கை கழுவும்போது இன்னொன்றும் சொன்னார். இது சரியாகவில்லை என்றால் விற்றுவிடலாம், கார் ஷெட்டை நீ எழுதுகிற ரூமாக வைத்துக்கொள்.

4

இப்போது இந்த மனைவி என்கிற பாத்திரத்தைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு இவள் மேல் நம்பிக்கை இல்லை.

இவள் சாப்பாட்டு மேஜையில் எழுதுகிறாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை காகிதங்களை அள்ளி ஃபிரிட்ஜ் மேல் வைத்து, மேஜையைத் துடைத்து, மறுபடி இறக்கி, எந்த வாக்கியத்தில் விட்டோம் என்று தேடுகிறாள். ஷெட் சமையலறையை ஒட்டி இருக்கிறது. பெரிய ஜன்னல். காலையில் வெளிச்சம் நேராக விழாமல் சுவர் முழுக்கப் பரவும். காருக்குக் கொடுத்த இடம் எனக்குக் கொடுக்கவில்லையே என்று எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்காதவள். கேட்டிருந்தால் அவர் அன்றே காரை வாசலில் நிறுத்தியிருப்பார் என்பதும் இவளுக்குத் தெரியும். கேட்காமல் குறைப்படுவதில் ஒரு சுகம் இருந்தது.

இரண்டாவது ஞாயிறுக்கும் மூன்றாவது ஞாயிறுக்கும் நடுவில் இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, என்றைக்காவது ஒரு கதைக்கு உதவும் என்று அவருடைய கார் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். திருகை மூடும்வரை பெடலை விடக்கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. சகலமும் புரிந்துபோனது. இரண்டு, அவர் வேலைக்குப் போன பிறகு அவருடைய டேப்பாலேயே ஷெட்டின் சுவரை அளந்தாள். மேஜை போட்டு, அலமாரியும் வைத்து, நடக்கவும் இடமிருந்தது.

மூன்றாம் ஞாயிறு, பின்சக்கரம், முதல் முறை. பெடல் தரை தட்டியது. அடியில் ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது. இவள்—

[அவள், இவள் என்று எழுதினால் கொஞ்சம் தள்ளி நிற்கலாம் என்று நினைத்தேன். போதும்.]

நான் காலை எடுத்தேன். பெடல் ஆடியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், அதனால்தான் அப்படிக் கேட்டார். நான் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். நான் சொன்னதும் நம்பிவிட்டார். நான்காம் ஞாயிறு அவர் கேட்கவும் இல்லை.

5

எனக்கு வேண்டியது ஒரு ரூம். அதற்கு மேல் எதையும் நான் திட்டமிடவில்லை என்று எழுதினால் அது உண்மைதான், ஆனால் சப்பைக்கட்டு.

நான்கு வாரமும் அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மூன்று தடவை பிரித்து ரப்பர் வாஷர்களை மாற்றினார். ஒவ்வொரு குழாய் முனையையும் துணியால் துடைத்து, கசிவு இருக்கிறதா என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தார். பழையதைப் பழையதாகவே விட்டிருக்கலாம், டிஸ்க் மாட்டுகிறேன் பேர்வழி என்று நானே கெடுத்துவிட்டேன் என்றார். போனில் அவருடைய தங்கை, என் நாத்தனார், "எங்க அண்ணன் கை வெச்சு சரியாகாதது ஏதாவது இருக்கா அண்ணி?" என்று சிரித்தாள். நான் பேச்சை மாற்றினேன்.

பிறகு அது வேலைக்கும் போனது. ஒரு தடவை பார்த்த பிரேக்கை மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தார். போன புதன்கிழமை எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை முடித்துவிட்டு, லிஃப்டில் ஆட்களை ஏறவிட மனசு வராமல், கூட வேலை செய்பவரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னாராம். அவர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றிருக்கிறார். இவர் நம்பவில்லை.

நேற்று ஒரு கடிதம் எழுதினார். தன்னை லிஃப்ட் வேலையிலிருந்து எடுத்து ஆபீசில் புகார் எழுதிக்கொள்ளும் வேலையில் போடும்படி மேலாளருக்கு. "என் வேலையின் மீது எனக்கே நம்பிக்கை குறைந்து வருவதால்" என்று ஒரு வரி. பிழை இருந்தால் திருத்திக் கொடு என்று என்னிடம் தந்தார்.

நான் திருத்திக் கொடுத்தேன். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது, போட்டேன். இந்தக் கதையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான். கடிதம் அவருடைய வேலைப் பையில் இருக்கிறது. நாளைக் காலை கொடுக்கப்போகிறார்.

6

முடிவுகள்.

முதல் முடிவு: பல் டாக்டர் வருகிறார். அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், தன் மருத்துவமனை வாசலில் அழகுக்கு நிறுத்தத்தான் கார், பிரேக் இல்லாவிட்டால் என்ன, எஞ்சினே வேண்டாம் என்று. வண்டியை வேறொரு வண்டியில் ஏற்றுகிறார்கள். மனைவிக்கு ரூம் கிடைக்கிறது. கதவுக்கு வெளியே நின்ற பெண் உள்ளே போகிறாள். நாவலைப் பாராட்டுகிறார்கள். கணவர் ஆபீசில் உட்கார்ந்து, லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் செய்பவர்களின் முகவரியை எழுதிக்கொள்கிறார். [கச்சிதமான முடிவு. எழுதிப் பார்த்ததும் அடித்துவிட்டேன்.]

இரண்டாம் முடிவு: விபத்து. பிரேக் பிடிக்காத கார், இறக்கம், திருப்பம். [நடக்காது. பெடல் இப்படி இருக்கும்போது அவர் காரை வாசல் கேட்டைத் தாண்டி எடுக்கமாட்டார். பாத்திரத்தின் குணத்துக்கு விரோதமாக ஆளைக் கொல்வது சோம்பேறி எழுத்தாளர்கள் வேலை.]

மூன்றாம் முடிவு: மனைவி போய்ச் சொல்கிறாள். அவர் சிரித்து, அவள் தலையில் செல்லமாகத் தட்டி— [சிரிப்பார் என்று யார் சொன்னது? பத்தொன்பது வருடம் கூட இருந்தும் இந்த இடத்தில் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. என் பாத்திரங்களில் நான் வசனம் எழுத முடியாத ஒரே ஆள் இவர்தான்.]

நான்காம் முடிவு:

7

நான்காவதை எழுதத் தொடங்கியபோது அவர் உள்ளே வந்தார். டாக்டர் எடுத்துப்போவதற்காகக் காரைத் துடைத்து வைத்துவிட்டாராம். கை கழுவினார். தண்ணீர் குடித்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இன்று எழுதியதைக் கொடு, டாக்டர் வருகிறவரை படிக்கிறேன் என்றார். நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்தான். பென்சிலை வைத்துக்கொண்டு, தப்பான விவரம் இருந்தால் மட்டும் ஓரத்தில் ஒரு கோடு போடுவார், கதையைப் பற்றி வாய் திறக்கமாட்டார்.

இன்னும் முடியவில்லை என்றேன்.

"முடியலன்னா என்ன? அப்படியே குடு. முடிவ நான் பாத்துக்கிறேன்."

ஐந்து நிமிஷம் கேட்டிருக்கிறேன். அவர் குளிக்கப் போயிருக்கிறார். பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. மணி இரண்டரை.

நீங்கள் இதுவரை படித்திருந்தால், ஓரத்தில் ஒரு கோடும் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். விவரம் எல்லாம் சரி. மூன்றாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும் வேண்டுமென்றேதான் செய்தேன். ரூமுக்கு ஆசைப்பட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் இதைக் கதை என்று எழுதினேன், அதில் தம்பியைக்கூடக் கொண்டுவந்து பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

காகிதங்களை மேஜையில் வைத்துவிட்டு நான் ஷெட்டுக்குப் போகிறேன், டிரைவர் சீட்டில் இருப்பேன். டாக்டருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லலாம். வரட்டும் என்று விட்டுவிடலாம். என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பது என்பதும் உங்கள் இஷ்டம். எந்த முடிவை எழுதினாலும் நான் திருத்தமாட்டேன்.

அந்தக் கடிதத்தை மட்டும் நாளைக்குக் கொடுக்காதீர்கள். அதில் இருப்பது பொய். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.