வளவுக்காரர் எண்ணெய்

...வாடகை என்றா சொன்னார், இல்லை, "குத்தகை" என்றுதான் சொன்னார், கோயில் மனேச்சர் தயாபரன், சிரித்த முகத்தோடு, எண்ணெய்த் தகர ரின்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே, "பரமலிங்கண்ணை, எத்தினை குடி கோயில் காணியிலை இருக்கு, உங்களைப்போலை வளவுக் குத்தகையைப் பிசகாமல் தாற ஆள் ஒருத்தரும் இல்லை" என்று... பாராட்டு, பாராட்டித்தான் சொன்னார் மனிதர். நானும் பல்லைக் காட்டினேன், கடனுக்குக் கேட்கிறவனுக்குக் கடையில் காட்டுகிற அதே பல்லை, "ஆற்றை குத்தகை? வீடு நான் அறுதியா வாங்கினதெல்லோ" என்றேன். "வீடு உங்கடைதான் அண்ணை, ஆர் இல்லையெண்டது? நிலம் பிள்ளையாற்றை, அதுக்குக் குத்தகைதான் இந்த எண்ணெய். குத்தகைத் தவணை முடிஞ்சால் கதைச்சு நீட்டுறதுதானே, பிள்ளையார் என்ன கனடாவுக்கே ஓடப்போறார்?" சொல்லிவிட்டு அவர் பாட்டில் உள்ளே போய்விட்டார், எண்ணெயோடு. நான் நிற்கிறேன். நிற்கிறேனா? கால் இருக்கிறது, கீழே மணல் இருக்கிறது, இது கோயில் மணல், சரி, ஆனால் என் கட்டிலுக்குக் கீழே இருப்பது யாருடைய மண்? கிணறு வீட்டோடு சேர்த்தியா, நிலத்தோடு சேர்த்தியா? என் கடைச் சீமெந்திலேயே கட்டின சுற்றுமதில்... பிள்ளையாருக்கு மதில் கட்டிக் கொடுத்திருக்கிறேன், உபயம் என்று பெயர்கூடப் போடாமல். நான்! வேலணைச் சந்தியில் ஆணி நிறுக்கும்போது தராசு முள்ளையும் வாங்குகிறவன் கண்ணையும் ஒன்றாகப் பார்க்கிறவன்!

விற்றவர் கனடாக்காரர், சொன்ன விலையை அரைவாசிக்கு இறக்கினேன், மனிதர் இறங்கினார், ஏன் இறங்குகிறார் என்று கேட்டேனா, என் வாய்க்குத்தான் இறங்குகிறார் என்றல்லவா நெஞ்சு விரிந்தது... போதாததற்கு, திருவிழா எண்ணெய் இந்த வளவுக்காரர்தான் கொடுப்பது என்று அவர் சொன்னதும், "அந்த உரிமையையும் சேர்த்து எழுதும், இல்லாட்டி எனக்கு வீடு வேண்டாம்" என்று ஒற்றைக்காலில் நின்றது யார்? எண்ணெய் கொடுத்தால் மேளத்தோடு கூப்பிட்டு மரியாதைத் தட்டு, காளாஞ்சி, ஊர் பார்க்கத் தருவார்கள் என்ற ஆசை. நொத்தாரிசு உறுதிப் பத்திரத்தை வாசித்தபோது காது எங்கே இருந்தது, அவருடைய கூலியில் எவ்வளவு குறைக்கலாம் என்பதில் இருந்தது. குத்தகையை அடம்பிடித்துத் தன் தலையில் எழுதி வாங்கின யாபாரி தீவுப்பகுதியில் வேறு யாராவது இருக்கிறானா?

தம்பையர் கால் கழுவிவிட்டு வருகிறார். கரம்பொன் தம்பையர், என் மகள் கஜானிக்குப் பார்த்த மாப்பிள்ளையின் தகப்பன். இந்த வீடுதான் சீதனம், அதை நம்பித்தான் பேச்சு இவ்வளவு தூரம் வந்தது, வீட்டைக் காட்டினது போதாதென்று என் பெருமையையும் பார்க்கட்டும் என்று கோயிலுக்குக் கூட்டிவந்த கெட்டித்தனமும் என்னுடையதுதான். மனேச்சர் சொன்னது கேட்டிருக்குமோ, குழாயடியில் கேட்டிராது. சொல்லவேண்டும், இப்பவே, சொன்னால் இப்படியே பஸ் ஏறிப் போய்விடுவார், போனால் கஜானி... அந்தப் பெடியனோடு கதைக்க ரெலிபோனோடு கிணற்றடிக்குப் போய்விட்டு வரும்போது அவள் முகத்தில் இருக்கிற அந்த வெளிச்சத்தை நான் கண்டும் காணாததுபோல...

"என்ன சம்பந்தி, முகம் வெளிறிப்போச்சு? விரதமோ?"

"இல்லை, வெயில்."

"வீடு சோக்கான வீடு. ஒண்டு கேப்பன், குறை நினையாதையும். உந்த எண்ணெய் குடுக்கிற உரிமையையும் சீதனத்தோடை சேத்து எழுதுவீரே? எங்கடை பெடியனும் காளாஞ்சி வாங்கட்டன்."

இதோ கதவு, பிள்ளையாரே திறந்துவிடுகிறார், அண்ணை அது உரிமை இல்லை, குத்தகை, நிலம் கோயிலுடையது, இரண்டு வசனம், சொன்னால் முடிந்தது... "அது லேசிலை குடுக்கிற சாமானில்லைத் தம்பையாண்ணை" என்கிறது ஒரு குரல், கடையில் தினமும் கேட்கிற என்னுடைய குரல், "அதுக்கு நீங்களும் எதையாவது விட்டுத்தரவேணும்." தம்பையர் தாடையைச் சொறிகிறார். கண் ஒருபக்கமாய்ச் சாய்கிறது, மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழிக்கிறார், எனக்குத் தெரியாதா அந்தப் பார்வை, விழப்போகிறார், கரம்பொன் தம்பையர் விழப்போகிறார், என் காது மடல் சூடாகிறது, அட, இது சந்தோசமல்லவா... "சரி, அப்பிடியெண்டால் நகையிலை கொஞ்சம் குறைப்பம்" என்கிறார் அவர், நான் கையை நீட்டுகிறேன், அவரும் நீட்டுகிறார், உள்ளே தவில்காரர் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார். அந்த நேரத்தில்தான், கை கையில் படுகிற நேரத்தில்தான் உறைக்கிறது, சீதன உறுதி தம்பையர் பேரிலா எழுதுவது, பெடியன் பேரிலா? பெண்ணின் பேரில், எங்கள் வழக்கமே அதுதானே, தவணை முடிகிற அன்று அந்த வாசலில் நின்று மேலே பார்த்துக் கீழே பார்த்து முழிக்கப்போவது கஜானி... அப்படியென்றால் நான் இவ்வளவு நேரமும் யாருக்கு விற்றுக்கொண்டிருந்தேன்? தம்பையர் கையை விடவில்லை. நானும்தான்.