கடல் இல்லாத ஊர்

பக்தவத்சலத்துக்கு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. வீடு அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில். பிரசவத்துக்காகத் தாய்வீடு இருந்த லாங் ஐலண்ட் தீவுக்குப் போன அவன் மனைவி ருக்கு, குழந்தையோடு சேர்ந்து இறந்துபோனாள். செய்தி வந்தபோது அவன் கப்பல் நடுக்கடலில் இருந்தது. அடுத்த விடுமுறைக்கு ஊர் வந்தவன் கராச்சர்மா வீட்டைத் திறந்து பார்த்தான். லாங் ஐலண்டுக்குப் போக மட்டும் கால் வரவில்லை. மறுபடியும் கப்பல் ஏறிவிட்டான்.

எழுபதாம் வருஷம் மார்ச் மாதம் அந்தக் கப்பல் சிலி நாட்டு அரிக்கா துறைமுகத்தில் பழுதாகி நின்றது. பழுது பார்க்க நாளாகும், ஊர் சுற்றப் போகிறவர்கள் போகலாம் என்றார் கேப்டன். மற்றவர்கள் சாராயக் கடைகளில் ஒதுங்கினார்கள். துறைமுகத்திலிருந்து ஒரு ரயில் மலைமேல் ஏறி பொலிவியாவின் லா பாஸ் நகரத்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டதும் பக்தவத்சலம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அங்கேயிருந்து கடல் தெரியுமா?"

"கடலா? அங்கே ஏது கடல்!"

கான்வாஸ் பையில் கம்பளியையும் இரண்டு சட்டையையும் திணித்து முதுகில் மாட்டிக்கொண்டு ரயில் ஏறினான்.

பெரிய பள்ளத்துக்குள் கொட்டி வைத்தது போலக் கிடந்தது நகரம். பள்ளத்தின் சுவர்களிலும் வீடுகள் தொற்றிக்கொண்டிருந்தன. லாரிகளின் ஹாரன், ஆட்டுக்குட்டிகளின் கத்தல், எங்கிருந்தோ பேண்டு வாத்தியம். வட்டத் தொப்பியும் அகலப் பாவாடையுமாகப் பெண்கள் தெருவையே கடையாக்கி உட்கார்ந்திருந்தார்கள். எந்தத் தெருவும் தட்டையாக இல்லை. அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக் கப்பல் ஏணி ஏறியவனுக்கு அந்த மலை உயரத்தில் வெறும் பையோடு நடக்கவே மூச்சு வாங்கியது. தலை பிளந்தது. மலிவான விடுதியில் படுத்தே கிடந்தான். அவன் இருக்கிறானா போனானா என்று எட்டிப் பார்க்க ஆளில்லை.

கொஞ்சம் தேறியதும் வெளியே வந்தான். விடுதிக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். அதற்குள் பெரிய ஊர்வலம் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. சிப்பாய்கள், பள்ளிப் பிள்ளைகள், முரசு. கூட்டம் அவனைச் சுவரோடு தள்ளியது. கண் இருண்டு சரிந்தான்.

விழித்தபோது உருளைக்கிழங்கு மூட்டைமேல் சாய்ந்திருந்தான். கடைக்காரக் கிழவி ஏதோ இலை போட்ட சூடான தண்ணீரை அவன் வாயில் வைத்தாள். பெயர் பசிலியா என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னாள். துறைமுகங்களில் பொறுக்கிய ஸ்பானிஷில் அவன் ஊர்வலத்தைக் காட்டிக் கேட்டான்.

"என்ன திருவிழா?"

"திருவிழா இல்லை. கடலுக்கு. முன்னே எங்களுக்குக் கடல் இருந்தது. சிலியோடு நடந்த யுத்தத்தில் போய்விட்டது. வருஷா வருஷம் இந்த நாளில் அதை நினைத்துக்கொள்கிறோம்."

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை. என் அம்மாவும் பார்த்ததில்லை. நீ?"

"என் ஊரில் நாலு பக்கமும் கடல்தான்."

கிழவி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "கொடுத்து வைத்தவன்," என்றாள். "நல்லதா அது?"

அவனிடம் அதற்கு ஸ்பானிஷ் இல்லை. வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்தது.

"நல்லதாவது! நான் வரும்போதெல்லாம் ருக்கு கப்பல்துறையில வந்து நிப்பா. வெயில்லயும் நிப்பா, மழையிலயும் நிப்பா. அவ போனப்போ நான் எங்கேயோ தண்ணி நடுவுல சோறு வடிச்சிட்டிருந்தேன். இருந்து வழியனுப்பக்கூட விடலை இந்தக் கடல்."

ருக்கு செத்ததை அதுவரை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான். பசிலியாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவளும் தன் மொழியில் மெதுவாக ஏதோ நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒரு ஆணின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. யார் என்று அவன் கேட்கவில்லை. பிறகு விடுதியின் பெயரைக் கேட்டு அவளே கைப்பிடித்து விடுதிவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, கடையைக் கவனிக்கத் திரும்பிப் போனாள்.

மறுநாள் அவன் ரயில் ஏறி அரிக்காவுக்குக் கீழே இறங்கினான்.

அந்த வருஷக் கடைசியில் கப்பல் வேலையில் கணக்கு முடித்துக்கொண்டு, மதராஸிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர் வந்தான். கப்பல்துறையில் அவனுக்காக யாரும் இல்லை. கராச்சர்மா பஸ்ஸைப் பிடிக்காமல், லாங் ஐலண்டுக்கு எந்தப் படகு போகிறது என்று விசாரித்தான்.

ருக்குவின் தங்கை நீலாவதி முற்றத்தில் பாக்கு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா அத்தான்?"

"ஆமா."

அவள் பாக்கை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். ஓடைக்கு அப்பால், ருக்குவை எரித்த இடத்துக்கு அழைத்துப் போனாள். குழந்தையைப் புதைத்த இடத்தையும் காட்டினாள். புல் முளைத்திருந்தது.

"பொண்ணா, பையனா?" என்று கேட்டான்.

"பொண்ணு."

"என்னை மாதிரியா, அவளை மாதிரியா?"

நீலாவதி கொஞ்சம் யோசித்தாள். "சரியாப் பார்க்கலை அத்தான்," என்றாள்.

அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு அவன் அங்கேயே உட்கார்ந்தான்.