பழத்துக்கு ஒரு துண்டு

கொக்குப்பாறையில் காப்பிப் பழத்தைக் காவல் காக்கிற நல்ல நுண்ணுயிர்கள், துண்டு போட்டுத்தான் இடம் பிடிக்கும். விவசாய ஆபீசில் கொடுக்கிற பாட்டிலில் வந்து இறங்கும். களத்தில் காயும் பழத்தின்மேல் தெளித்ததும், பழத்துக்கு ஒரு துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடும். அப்புறம் பூஞ்சணம் வரும். துண்டு கிடக்கிற இடத்தில் எவன் உட்காருவான்? கொஞ்ச நேரம் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். உட்கார்ந்து அரை நாளாவது ஆனால்தான் அதற்கு விஷம் கக்க வரும். நின்றுகொண்டு கக்கிப் பழக்கமில்லை.

குருவம்மாளுக்கு இது தெரியாமல் இல்லை. போன வருஷம் பாட்டில் வாங்கச் சோம்பல்பட்டாள். களம் பூராவும் பூஞ்சணம் உட்கார்ந்துவிட்டது. பரிசோதனைக்கார அம்மா வந்து பார்த்து ‘விஷம்’ என்று எழுதினார். மொத்தக் காப்பியையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். அன்றைக்கு விட்டவள்தான், காப்பியை வாயில் வைக்கவில்லை. தன் களத்துக் காப்பி பாஸானால்தான் இனி ஒரு டம்ளர் என்று வைராக்கியம். தினமும் காலையில் வெந்நீரைக் குடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு டிக்காஷன் வாசனையை மோந்துகொண்டிருப்பாள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆனால் அழுக்கைக் கண்டால் மட்டும் அவளுக்குத் தலைகால் புரியாது. பரிசோதனைக்கு முதல்நாள் காலையில் பழத்தைக் கிளறப் போனாள். துண்டுகளைப் பார்த்தாள்.

“அய்யய்ய! நாளைக்கு வர்ற அம்மா என்ன நெனைப்பாங்க?”

அவ்வளவுதான். எட்டு லட்சம் துண்டையும் வாரிக்கொண்டு போய், சவுக்காரம் போட்டுக் கும்மி, நீலத்தில் முக்கி, கொடியில் காயப் போட்டுவிட்டாள். பத்தரை மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. வேலைக்கு அசராத பொம்பளை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு களத்துக்கு வந்தால், பழத்துக்கு ஒரு பூஞ்சணம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. நுண்ணுயிர்களெல்லாம் டீ குடித்துவிட்டு வந்து களத்தோரம் நிற்கின்றன. அவற்றில் மூத்ததற்கு மாசிலாமணி என்று பெயர்.

“ஏம்மா, துண்டை எடுத்தது யாரு?” என்றது மாசிலாமணி.

“அழுக்கா இருந்துச்சுண்ணே. தொவைச்சுப் போட்டேன்.”

“தொவைச்சது நல்லதுதான். ஆனா உக்காந்துட்டவனை எந்திரிடான்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? கையில துண்டும் இல்ல.”

நியாயம்தானே. குருவம்மாள் தானே போய் முன்வரிசைப் பூஞ்சணத்திடம் கெஞ்சினாள். “கொஞ்சம் எந்திரிச்சுக்குங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” அது உடனே கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. களம் முழுக்கக் குறட்டை. குருவம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்னொரு வருஷம் வெந்நீரா?

அப்போதுதான் அண்ணன் பொன்ராம் ஞாபகத்துக்கு வந்தான். பஸ் கண்டக்டர். அன்றைக்கு லீவில் வீட்டில் இருந்தான். தங்கச்சி ஓடி வந்து விஷயத்தைச் சொன்னதும் காக்கிச் சட்டையை மாட்டி, தோளில் பையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். களத்தின் நடுவில் போய் நின்றான்.

“வண்டி பிரேக் டவுன்! இது போகாது! பின்னாடி ஒரு வண்டி காலியா வருது. எல்லாரும் எறங்கு, எறங்கு!”

பூஞ்சணங்கள் பட்டென்று கண் விழித்தன. “மொதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டீங்களாய்யா?” என்று முனகிக்கொண்டே ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கி, ரோட்டோரம் போய் நின்றன. குருவம்மாள் ஈரத் துண்டுகளைக் கொடியிலிருந்து உருவி உருவி வீச, நுண்ணுயிர்கள் பிடித்துப் பிடித்துப் போட்டன. இந்தத் தடவை டீக்குப் போகாமல் உட்கார்ந்தே விட்டன.

கடைசித் துண்டும் விழுந்ததும், கை சும்மா இருக்குமா, பொன்ராம் பழக்க தோஷத்தில் விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினான். களம் கிளம்பிவிட்டது.

குருவம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து தொற்றி ஏறினாள். ஒரு பழம்கூடக் காலியில்லை. நின்றுகொண்டே முதல் வளைவு வரை வந்தாள். நாளைக்கு வரவேண்டிய பரிசோதனைக்கார அம்மா இன்றைக்கே அங்கே நின்று கை காட்டி ஏறினார். ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்தார். ‘விஷம் இல்லை. துண்டுகள் வெகு சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வளைவில் இறங்கிக்கொண்டார். குருவம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“இங்க வாம்மா,” என்று கூப்பிட்டது மாசிலாமணி. ஜன்னலோரப் பழம் ஒன்றில், அவள் துவைக்கும்போது தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டு கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று சிலுசிலுவென்று அடித்தது.

பொன்ராம் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தான். “எங்க போகணும்மா?”

“ஒரு டம்ளர் காப்பி, ஒண்ணு குடுண்ணே.”

“மூணாவது ஸ்டாப்பு,” என்று கிழித்துக் கொடுத்தான்.